படுக்கையருகே வந்த சட்டம்

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்று சொல்லப்படுவது, நம் ஊர்களில் அப்பெயர் தாங்கி நிற்கும் சிறு தனியார் மருத்துவமனையைப் போன்றதன்று. தாமாக எழுந்து நடக்கவோ, குளிக்கவோ, உண்ணவோ இயலாத நிலையை அடைந்துவிட்ட முதியவர்களும், இடுப்பெலும்பு முறிவு போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் செவிலியர் கவனிப்பு தேவைப்படுபவர்களும் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம் அது. ஏறத்தாழ 15,000 இல்லங்களில் சுமார் 12 லட்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள். இல்லங்களுள் பெரும்பாலானவை லாபத்துக்காக நடத்தப்படுபவை என்றாலும், அவற்றின் வருவாயில் பெரும்பங்கு அரசுப் பணமே. 1965-இல் தோன்றிய மெடிக்கேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பீடு, மருத்துவமனையிலிருந்து வெளிவருபவர்களுக்கு அதிகபட்சம் 100 நாள் வரை இல்லச் செலவில் பங்கேற்கிறது. அதே ஆண்டில் பிறந்த மெடிக்கெய்டு, வருமானம் குன்றியோருக்காக மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் திட்டம். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் கரைந்த பின் இத்திட்டத்துக்குள் வந்து சேர்பவர்கள் மிகப் பலர் என்பதால், இல்லவாசிகளில் பத்துக்கு ஆறு பேரின் செலவை மெடிக்கெய்டே ஏற்கிறது. இந்தப் பணத்தைப் பெறுவதற்கான நிபந்தனையாகத்தான் மத்திய அரசின் விதிகள் இல்லங்களின் மேல் நிற்கின்றன. விதி இணக்கம் என்று அத்துறையில் பேசப்படுவது அந்நிபந்தனைகளை அன்றாடம் நிறைவேற்றுவதும், நிறைவேற்றியதை மெய்ப்பித்துக் காட்டுவதுமாகிய பணியே. நிறைவேற்றுதலும் மெய்ப்பித்தலும் ஒன்றல்ல என்பதில்தான் இத்துறையின் அறுபதாண்டுச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தொடக்க கால விதிகள் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்த்தன. அதற்குக் காரணம் இருந்தது. 1963 நவம்பர் 23 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ஃபிட்ச்வில் என்ற சிற்றூரில் முதியோர் இல்லம் ஒன்று தீப்பற்றி எரிந்து 63 பேர் மாண்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டிருந்ததால், நாடே அத்துயரில் மூழ்கியிருந்த நேரத்தில் இந்தச் செய்தி உரிய கவனத்தைப் பெறவில்லை. கதவின் அகலம், நடைவழியின் நீளம், அவசர வழி, சமையலறையின் தூய்மை ஆகியவற்றை அளந்து பார்ப்பது உயிர் காக்கும் வேலை என்பதில் ஐயமில்லை. அந்த வேலையும் விரைவாக நடந்துவிடவில்லை: தீயை உணர்ந்தவுடன் கூரையிலிருந்து நீர் தெளிக்கும் கருவிகள் எல்லா இல்லங்களிலும் முழுமையாகப் பொருத்தப்பட வேண்டும் என்ற மத்திய அரசின் கட்டாயம் நடைமுறைக்கு வந்தது 2013 ஆகஸ்ட்டில், ஃபிட்ச்வில் தீவிபத்து நடந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்தான்.

ஆனால் பழுதற்ற கட்டடத்துக்குள்ளேயே ஒரு மனிதர் பட்டினியாலும் புண்ணாலும் சாக முடியும் என்பதை விதிகள் கண்டுகொள்ளாமல் இருந்தன. கொலராடோ மாநிலத்தில் இல்லவாசிகள் சிலர் 1975-இல் தொடுத்த வழக்கு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தபோது, ஆய்வாளர்கள் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தது: 541 கேள்விகள், அவற்றுள் நோயாளியின் பராமரிப்போடு ஓரளவேனும் தொடர்புடையவை, அல்லது நோயாளியை நேரில் பார்க்க வேண்டிய தேவை ஏற்படுத்துபவை, வெறும் 30. இல்லத்தால் நல்ல பராமரிப்பைத் தர இயலுமா என்று மட்டுமே படிவம் கேட்டது. அந்தப் பராமரிப்பு தரப்படுகிறதா என்று கேட்கவில்லை. அரசுப் பணம் செல்லும் இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்ளும் கடமை அரசுக்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. முதியோர் பராமரிப்பின் வரலாற்றில் இதைவிடக் கூர்மையான ஒரு கணக்கெடுப்பைக் காண்பது அரிது.

இதற்கிடையே 1982-இல் ரீகன் அரசு ஆய்வு விதிகளைத் தளர்த்த முற்பட்டு, எதிர்ப்பு வலுத்ததால் பின்வாங்கியது. அதன் விளைவாக மருத்துவக் கழகம் என்ற அறிவியல் அமைப்பிடம் ஆய்வுப்பணி ஒப்படைக்கப்பட்டு, 1986-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அதே காலத்தில் இல்லவாசிகளின் நலனுக்கான தேசியக் கூட்டமைப்பு 15 நகரங்களில் 400-க்கும் மேற்பட்ட இல்லவாசிகளிடமே சென்று, நல்ல பராமரிப்பு என்றால் என்னவென்று கேட்டுத் தொகுத்து வெளியிட்டது. அதுவரை நிபுணர்களும் உரிமையாளர்களும் அதிகாரிகளும் மட்டுமே பேசிவந்த ஒரு விவாதத்தில், படுக்கையில் இருப்பவரின் குரல் சான்றாக ஏற்கப்பட்டதை அக்காலத்தின் மிகப் பெரிய மாற்றமாகக் கொள்ளலாம். 1987 டிசம்பரில், வரவுசெலவுத் திட்டத்துக்கான பெருஞ்சட்டம் ஒன்றின் பகுதியாக, இல்லச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது.

உடலாலும் மனத்தாலும் சமூக உறவாலும் ஒருவர் அடையக்கூடிய மிக உயர்ந்த நலநிலையை அவர் அடையவோ தக்கவைத்துக்கொள்ளவோ இல்லம் துணைநிற்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் அடித்தளம். இது வெறும் நல்லெண்ண வாசகமாக நின்றுவிடவில்லை. ஒருவர் இல்லத்தில் சேர்ந்த 14 நாள்களுக்குள் அவருடைய நிலையை முழுமையாக மதிப்பிட்டு எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். உடல்நிலை குறிப்பிடத்தக்க அளவு மாறினால் மீண்டும் மதிப்பிட வேண்டும். அதன் அடிப்படையில் அவருக்கென்றே தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்க வேண்டும். குறைந்தபட்சத் தகவல் தொகுப்பு என்று அழைக்கப்படும் இம்மதிப்பீட்டுப் படிவம், நாடெங்கும் ஒரே வடிவில் உள்ளது. 2010 முதல் வழங்கிவரும் அதன் பதிப்பில், நினைவாற்றலை அறிய மூன்று எளிய சொற்களை, அதாவது காலுறை, நீலம், படுக்கை என்பவற்றைச் சொல்லித் திரும்பச் சொல்லும்படி இல்லவாசியிடம் கேட்டு, சற்று நேரம் கழித்து அவற்றை மறுபடியும் நினைவுகூரச் சொல்கிறார்கள். விருப்பங்களைப் பற்றிய பகுதி இன்னும் நெருக்கமானது: என்ன உடை உடுத்துவது என்பதை நீங்களே தேர்ந்தெடுப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், உறங்கப்போகும் நேரத்தை நீங்களே முடிவு செய்வது எவ்வளவு முக்கியம், பொருள்களைப் பூட்டி வைக்க ஓர் இடம் இருப்பது எவ்வளவு முக்கியம், யாரும் கேட்காதபடி தொலைபேசியில் பேசுவது எவ்வளவு முக்கியம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். 541 கேள்விகளில் இடம்பெறாத கேள்விகள் இவை. நிறுவனத்துக்குள் அடியெடுத்து வைத்தவுடன் ஒரு முதியவர் முதலில் இழப்பது இத்தகைய சின்னஞ்சிறு அதிகாரங்களைத்தான் என்பதை உணர்ந்த யாரோ சிலர் அப்படிவத்தை வடித்திருக்கிறார்கள்.

சட்டத்தின் பயன் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம், கட்டிப்போடும் வழக்கம். 1980-களின் இறுதியில் இல்லவாசிகளில் சுமார் 40 சதவீதத்தினர் இடுப்பிலோ மார்பிலோ மணிக்கட்டிலோ பட்டையிட்டு நாற்காலியோடும் கட்டிலோடும் பிணைக்கப்பட்டிருந்தனர். விழுந்துவிடாமல் காப்பதற்கே அவ்வாறு செய்வதாக ஊழியர்கள் மனமார நம்பினார்கள். ஆனால் கட்டுண்ட உடலில் தசை நலிந்து, புண் உண்டாகி, சிலர் அப்பட்டையிலேயே கழுத்து இறுகி மாண்டதும் உண்டு. தண்டனைக்காகவோ ஊழியர்களின் வசதிக்காகவோ யாரையும் கட்டக்கூடாது என்று சட்டம் தடுத்த பின், அந்த விகிதம் ஆண்டுக்காண்டு சரிந்து, கால் நூற்றாண்டுக்குள் மிகச் சில சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. விதிகள் வெறும் சுமை என்று வாதிடுபவர்கள் இந்த ஒரு மாற்றத்தையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பவர்கள் மாநில அரசுகளின் ஆய்வாளர்கள். அவர்களை வழிநடத்துவது சிஎம்எஸ் எனப்படும் மத்திய நிர்வாகம். முன்னறிவிப்பின்றி வரும் ஆய்வு, ஓர் இல்லத்துக்கு 15 மாதங்களுக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. மாநில அளவிலான சராசரி இடைவெளி 12 மாதங்களாக இருக்க வேண்டும். ஆய்வு நாளை முன்கூட்டியே சொல்லிவிடுபவருக்கு அபராதம் உண்டு. ஒரு பகுதி ஆய்வுகள் வார இறுதியிலோ, மாலையிலோ, விடியற்காலையிலோ தொடங்க வேண்டும் என்பது அனுபவம் கற்றுத்தந்த விதி.

ஆய்வாளர் ஒரு படுக்கைப் புண்ணை எப்படிப் பார்க்கிறார் என்பதைக் கொண்டு இம்முறையின் போக்கை அறியலாம். புரள இயலாதவரின் முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோல் நசுங்கி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு இப்புண் தோன்றுகிறது. விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புத் தடமாக முதல் நிலையில் இருப்பது, கவனிக்கப்படாவிட்டால் தசையும் எலும்பும் தெரியும் நான்காம் நிலைவரை ஆழ்ந்துபோகும். இல்லத்தில் சேரும்போது புண் இல்லாதவருக்கு அங்கே புண் வந்தால், அவருடைய உடல்நிலையால் அது தவிர்க்க முடியாதது என்று மருத்துவச் சான்றுகள் காட்டாதவரை அது இல்லத்தின் குறைபாடே என்று விதி கூறுகிறது. எனவே ஆய்வாளர், புண் வரும் வாய்ப்பை முன்னரே மதிப்பிட்டார்களா, திட்டத்தில் என்ன எழுதினார்கள், உணவில் புரதம் போதுமா என்று ஏடுகளைப் புரட்டுவதோடு நிற்பதில்லை. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்ததாக ஏட்டில் கையொப்பம் இருந்தால், அந்த அறைப்பக்கமே பலமுறை சென்று, அவர் காலையில் கிடந்த நிலையிலேயே நண்பகலிலும் கிடக்கிறாரா என்று பார்க்கிறார். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது அருகில் நின்று, செவிலியர் கையுறையை எப்போது கழற்றினார், கையை எப்போது கழுவினார் என்று கவனிக்கிறார். பேசக்கூடியவராயின் இல்லவாசியிடமும், இல்லையெனில் குடும்பத்தாரிடமும் கேட்கிறார்.

கண்ட குறைபாடுகள் ஒரு படிவத்தில் எழுதப்படுகின்றன; இல்லவாசிகளின் பெயர் இல்லாமல் எண்கள் மட்டும் இடம்பெறும் அப்படிவத்தின் இடப்பக்கம் குறைபாடும் வலப்பக்கம் இல்லத்தின் திருத்தத் திட்டமும் நிற்கும். ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. தீங்கின் கடுமை நான்கு படிகளாகவும், பரவல் மூன்று அளவுகளாகவும் பிரிக்கப்பட்டு உண்டாகும் பன்னிரண்டு கட்டங்கள் ஏ முதல் எல் வரை பெயரிடப்பட்டிருக்கின்றன. ஜே, கே, எல் ஆகிய மூன்றும் உடனடி ஆபத்து, அதாவது உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு விளைந்த அல்லது விளையக்கூடிய நிலை. அபராதம் முதல், புதிதாகச் சேர்வோருக்கான அரசுப் பணத்தை நிறுத்துவது, ஆறு மாதத்திலும் திருந்தாத இல்லத்தைத் திட்டத்திலிருந்தே நீக்குவது வரை தண்டனைகள் நீளும். நீக்கினால் அங்குள்ள முதியவர்கள் வேறிடம் பெயர வேண்டியிருக்கும் என்பதால், அந்தக் கடைசி ஆயுதத்தை எடுக்க அதிகாரிகள் தயங்குகிறார்கள். அத்தயக்கம் மோசமான உரிமையாளர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

இவ்வளவு நுட்பமான ஏற்பாடும், கண்ணை மனிதரிடமிருந்து எடுத்து மீண்டும் காகிதத்தின் மேல் வைத்த இடங்களிலெல்லாம் தோற்றிருக்கிறது. 2008-இல் இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறை தொடங்கியபோது, எத்தனை செவிலியர்கள் பணியில் இருந்தார்கள் என்ற கணக்கை இல்லங்களே எழுதிக்கொடுத்தன. 2016 முதல் சம்பளப் பட்டியலோடு ஒப்பிடத்தக்க தரவைக் கட்டாயமாக்கிய பின், பல இல்லங்களில் வார இறுதி நாள்களில் ஆள்கள் வெகுவாகக் குறைந்துபோவது அம்பலமானது. அதைவிட வருத்தம் தருவது மருந்துகளின் கதை. பட்டை கழற்றப்பட்ட பின், மறதிநோய் கொண்டவர்களை அடக்கி வைக்கத் தீவிர மனநோய்க்கான மருந்துகளைக் கொடுக்கும் பழக்கம் பரவியது; 2011 வாக்கில் நீண்டகால இல்லவாசிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அவற்றை உட்கொண்டார். இவ்விகிதத்தை வெளியிட்டுக் குறைக்க 2012-இல் முயற்சி தொடங்கியது. ஆனால் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அம்மருந்து உண்மையில் தேவை என்பதால் அவர்கள் கணக்கிலிருந்து விலக்கப்பட்டார்கள். முதுமையில் புதிதாகத் தோன்றுவது அரிதான அந்நோய், சில இல்லங்களில் திடீரெனப் பலருக்கு இருப்பதாக ஏட்டில் எழுதப்பட்டது. மருந்து தொடர்ந்தது, நட்சத்திரமும் தங்கியது. இதைப் பிடிக்க 2023-இல்தான் சிஎம்எஸ் தனித் தணிக்கையைத் தொடங்கியது. அதே ஆண்டு, இந்தியானா மாநிலத்தில் மறதிநோய் கொண்ட இல்லவாசி ஒருவருக்கு அளவுமீறி மருந்து கொடுத்ததாகக் குடும்பத்தார் தொடுத்த வழக்கில், அரசு அமைப்புகளுக்குச் சொந்தமான இல்லங்களில் 1987 சட்டம் தரும் உரிமைகளுக்காக இல்லவாசிகளே நீதிமன்றம் செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

தொற்றுத் தடுப்பு விதிகளும் இவ்வாறே. அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2020 மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, 2013 முதல் 2017 வரையிலான ஐந்தாண்டுகளில் ஏதேனும் ஓர் ஆண்டிலாவது தொற்றுத் தடுப்பில் குறைபாடு கண்டறியப்பட்ட இல்லங்கள் 82 சதவீதம். கைகழுவாமை போன்ற அக்குறைபாடுகள் ஏறத்தாழ அனைத்தும் கடுமையற்றவை என்ற கட்டத்தில் போடப்பட்டிருந்தன. கண்டார்கள், எழுதினார்கள், திருத்தத் திட்டம் பெற்றுக்கொண்டார்கள். மறு ஆண்டும் அதையே கண்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லண்டில் ஓர் இல்லத்துக்குள் 2020 பிப்ரவரியில் கோவிட் நுழைந்தபோது நாடு எந்த நிலையில் இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம். ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் நகரில் 2017 செப்டம்பரில் இர்மா புயலுக்குப் பின் குளிர்சாதன அமைப்புக்கு மின்சாரம் நின்று, வெப்பம் தாளாமல் பன்னிரண்டு முதியவர்கள் உயிரிழந்ததும், அவசர ஆயத்தத் திட்டங்கள் கோப்பில் இருந்தால் போதாது என்பதற்குச் சான்று. பெரிய மருத்துவமனை ஒன்று அந்த இல்லத்துக்குக் கூப்பிடு தொலைவில் இருந்தது. அதன் பின்னரே மாற்று மின் ஏற்பாட்டை அம்மாநிலம் கட்டாயமாக்கியது.

விதி இணக்கத்தின் இன்னொரு முகம் பணக் கணக்கு. மெடிக்கேர் நீண்ட காலம், இயன்முறைச் சிகிச்சை எத்தனை நிமிடம் தரப்பட்டது என்பதை வைத்துத் தொகையை நிர்ணயித்தது. வாரத்துக்கு 720 நிமிடத்தைத் தொட்டால் மிக உயர்ந்த தொகை. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே: தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதியவர்களை அந்த நிமிடக் கணக்குவரை நகர்த்தியதாகப் பல நிறுவனங்கள் மேல் குற்றச்சாட்டு எழுந்து, பெரிய நிறுவனம் ஒன்று 2016-இல் 14.5 கோடி டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. 2019 அக்டோபரில் கணக்கு முறையே மாற்றப்பட்டு, நோயாளியின் தேவை அடிப்படையானது. ஒவ்வொரு இல்லமும் முறைகேடுகளைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் இணக்க ஏற்பாடு ஒன்றை வைத்திருக்க வேண்டும், ஐந்தோ அதற்கு மேலோ இல்லங்களை நடத்துபவர் அதற்கென்றே அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும், கடுமையான உடற்காயம் விளைந்த குற்றம் நடந்ததாக ஐயம் எழுந்தால் ஊழியர் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பனவெல்லாம் 2010-க்குப் பின் வந்த கடமைகள்.

எனினும் எல்லா விதிகளும் வந்து நிற்கும் இடம் கைகளின் எண்ணிக்கைதான். படுத்தவரைப் புரட்டுவதும், வாயில் உணவு ஊட்டுவதும், அழைப்பு மணி கேட்டு ஓடி வருவதும் குறைந்த ஊதியம் பெறும் செவிலியர் உதவியாளர்களின் வேலை. மத்திய சட்டம் அவர்களுக்குக் கேட்கும் பயிற்சி 75 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாவது பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதைத் தவிர, போதுமான ஊழியர்கள் என்ற பொதுச் சொல்லோடு 1987 சட்டம் நின்றுவிட்டது. 2001-இல் மத்திய அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, நீண்டகால இல்லவாசி ஒருவருக்கு நாளுக்கு 4.1 மணி நேரச் செவிலியர் பணிக்குக் கீழே போனால் பராமரிப்பின் தரம் குன்றுகிறது என்று காட்டியது. அதற்கும் 23 ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம், 3.48 மணி நேரம் என்ற குறைந்தபட்ச அளவை பைடன் அரசு விதித்தது. ஆள் கிடைக்கவில்லை, சிற்றூர்களில் இல்லங்கள் மூடப்படும் என்று உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். அதில் ஓரளவு உண்மை இருந்தது, ஆனால் ஊதியத்தை உயர்த்தாமல் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வதில் நேர்மை குறைவு. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அவ்விதியை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம், 2034 செப்டம்பர் இறுதிவரை அதைச் செயல்படுத்தவே கூடாது என்று தடுத்துவிட்டது.

எண் போய்விட்டாலும், ஒவ்வொரு முறைப்பணியிலும் எத்தனை செவிலியர்கள், எத்தனை உதவியாளர்கள் இருக்கிறார்கள் என்பதை யாவரும் காணும் இடத்தில் அன்றன்று எழுதி வைக்க வேண்டும் என்ற பழைய விதி நடைமுறையில் இருக்கிறது. ஞாயிறு மாலை தாயைப் பார்க்க வரும் மகள் அப்பலகையைப் படித்துவிட்டு, நடைவழியில் நிற்பவர்களைத் தானே எண்ணிப் பார்க்கலாம்; இரண்டும் ஒத்துவராவிட்டால் மாநில ஆய்வு அலுவலகத்திடமோ, முதியோருக்காக ஒவ்வொரு மாநிலத்திலும் 1978 முதல் சட்டப்படி இயங்கிவரும் குறைகேட்பாளரிடமோ புகார் செய்யலாம். அந்த ஒரு புகாரின் பேரிலேயே, ஆண்டு ஆய்வுக்குக் காத்திராமல், ஆய்வாளர் அறிவிப்பின்றி வந்து நிற்க முடியும்.